பசிலியா லிக்கோனா வெட்டிய தொகுதி எல்லை

1996ஆம் ஆண்டு மார்ச் மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு எவேலியோ பான்யோஸ் பசிலியா லிக்கோனாவை முதன்முதலாகச் சந்தித்தான். அப்போது அவனுடைய வலது கெண்டைக்காலில் ஒரு நாய் தொங்கிக்கொண்டிருந்தது.

நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், தேர்தல் அலுவலகத்தின் களப் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் இருந்ததே. நாய்க்குக் கட்டம் இல்லை. ஆகவே நாய் அரசாங்க ஆவணத்தில் இடம்பெறவில்லை.

"டேய் எம்.பி.! விடுடா! விடுடா கழுதை!" என்று கத்தியபடி, தமால் என்னும் மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டை வேகும் அண்டாவின் மூடியோடு ஓடிவந்தாள் பசிலியா. மூடி நாயின் முதுகில் ஒருமுறையும் எவேலியோவின் முழங்காலில் ஒருமுறையும் விழுந்தது. நாய் விட்டுவிட்டது. பத்தடி தள்ளிப் போய், வேலை முடிந்த திருப்தியோடு படுத்துக்கொண்டது.

"நாய்க்கு எம்.பி.ன்னா பேரு?" என்றான் எவேலியோ, வலிக்கு நடுவிலும்.

"நான் வைக்கலீங்க. பின்வீட்டுக்காரி வச்ச பேரு. ராத்திரியெல்லாம் திங்கும், பகலெல்லாம் தூங்கும், யாராவது கேள்வி கேட்டா மட்டும் கடிக்கும். வேற என்ன பேரு வைக்கிறது? உக்காருங்க இன்ஜினியர், காலக் காட்டுங்க."

எவேலியோ இன்ஜினியர் அல்லன். பொறியியல் கல்லூரியில் இரண்டு பருவம் படித்து, மூன்றாவது பருவத்தில் கணக்குப் பாடத்தால் வெளியே தள்ளப்பட்டவன். ஆனால் எங்கள் மேட்டுநிலத்தில் கையில் சுருட்டிய காகிதமும் தலையில் தொப்பியும் வைத்திருப்பவன் எவனும் இன்ஜினியர்தான். பட்டம் வாங்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

மெக்சிகோ நாட்டின் முந்நூறு தொகுதிகளுக்கும் புதிதாக எல்லை வரைந்துகொண்டிருந்த ஆண்டு அது. தலைநகரத்தில், குளிரூட்டிய அறையில், கணிப்பொறிகள் கோடு போட்டன. அந்தக் கோடு யார் வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழைகிறது, யார் கோழிக்கூட்டை இரண்டாகப் பிளக்கிறது என்று பார்த்துவர எவேலியோ போன்றவர்கள் அனுப்பப்பட்டார்கள். அலுவலகத்தின் விதி எளியது: கால் படாத இடத்தில் கோடு படக்கூடாது. ஒவ்வொரு தாளின் அடியிலும் 'இந்த எல்லையை முழுவதுமாக நடந்து சரிபார்த்தேன்' என்று அச்சிட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

நான்காம் தொகுதியையும் ஏழாம் தொகுதியையும் பிரிக்கும் கோட்டில் அவனுக்கு மிச்சமிருந்தது சான் இசித்ரோ தெப்போசான் என்ற இந்த ஊர் மட்டும்தான். அதிலும் ஒரே ஒரு துண்டு. பழைய ஆவணம் அதை ஒரு வரியில் முடித்திருந்தது: 'தேவாலயத்திலிருந்து வாய்க்கால் வழியாகப் பேருந்துச் சாலை வரை.' வெள்ளிக்கிழமைக்குள் தாள் போய்ச் சேர வேண்டும். அவனுடையது மூன்று மாத ஒப்பந்த வேலை. திரும்பி வந்த தாளுக்குரியவனுக்கு அடுத்த ஒப்பந்தம் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் மனைவி ஆறு மாதக் கர்ப்பம்.

பசிலியா அவன் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயத்தின் மேல் ஒரு குப்பிச் சாராயத்தைக் கவிழ்த்தாள். அவன் அலறினான். தமாலுக்கு வரிசையில் நின்றிருந்த நான்கு பேரும் அந்த அலறலை மிகுந்த கவனத்தோடு கேட்டு மதிப்பிட்டார்கள்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. பொழச்சுக்குவான், பசிலியா," என்றார் ஒருவர்.

"தோன்யா பசிலியா," என்றான் எவேலியோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. மரியாதை தெரிந்தவன், வலியிலும் 'தோன்யா' போடத் தவறவில்லை. "இந்த ஊர்ல வாய்க்கால் எங்க இருக்கு?"

"வாய்க்காலா?"

"தேவாலயத்துலேருந்து சாலைவரைக்கும் ஒரு வாய்க்கால் போகுதுன்னு எழுதியிருக்கு. அதுதான் ரெண்டு தொகுதிக்கும் எல்லை. அந்தப் பக்கம் இருக்கறவங்க ஏழாம் தொகுதி. ஓட்டுப் போடப் பக்கத்து ஊருக்குப் போகணும்."

சான் இசித்ரோவில் வாய்க்கால் கிடையாது. என்றைக்காவது இருந்ததா என்பதை அறிந்தவர்கள் கல்லறையில் இருந்தார்கள். பசிலியா கரண்டியோடு திரும்பித் தன் வீட்டுப் பின்சுவரைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில், பச்சை மிளகாய்த் தமால் பதமாக வெந்துவிட்டது என்று அறியும்போது வரும் நிறைவு வந்தது.

"இருக்கே! இதோ, என் வீட்டுப் பின்சுவருக்கும் அந்தச் சப்பாத்திக்கள்ளி வேலிக்கும் நடுவுல. காஞ்சு கெடக்கு, அவ்வளவுதான். மழை வந்தா ஓடும்."

"போய் ஒரு நடை பாத்துட்டு வந்துடறேன்."

"போங்களேன். எம்.பி. அங்கதான் படுத்திருக்கான்."

எவேலியோ பார்த்தான். எம்.பி. ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. அவன் மறுபடி உட்கார்ந்து, வரைபடத்தை முழங்காலில் விரித்து, அவள் சொல்லச் சொல்ல வரைந்தான். இடக்கையில் தமால், வலக்கையில் பென்சில். இங்கே திரும்பும், இங்கே நேராகப் போகும், இந்த முப்பத்தொரு வீடும் அந்தப் பக்கம். பத்து நிமிடத்தில் கூட்டாட்சி எல்லையின் எண்பத்து நான்கு மீட்டர் முடிந்தது. அடியில் 'நடந்து சரிபார்த்தேன்' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டபோது விரலில் எண்ணெய் இருந்தது. அந்தக் கறை ஆவணக் காப்பகத்தில் இன்றும் உண்டு.

"ரொம்ப உதவி பண்ணிட்டீங்க, தோன்யா. உங்களுக்கு என்ன வேணும்னாலும்..."

"எதுவும் வேண்டாம். நீங்க நடக்கலேங்கறது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், எம்.பி.க்குத் தெரியும்," என்றாள் பசிலியா, அடுத்த ஆளுக்குத் தமாலைப் பொட்டலம் கட்டியபடி. "எனக்கு ஒண்ணு கடன்பட்டிருக்கீங்க, இன்ஜினியர். ஞாபகம் வச்சுக்குங்க."

அவனுக்கு வேலை நிலைத்தது. தொப்புளைச் சுற்றி ஊசியும் போட்டுக்கொண்டான்.

அவள் ஏன் அப்படி வரையச் சொன்னாள் என்பது பதினாறு மாதம் கழித்து, 1997 ஜூலையில், தேர்தல் நாளன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. சப்பாத்திக்கள்ளி வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குடையோடு வெளியே வந்து, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த பக்கத்து ஊருக்கு ஓட்டுப்போட நடந்தாள். பசிலியா அண்டாவின் ஆவிக்குப் பின்னாலிருந்து அவள் போவதை, தேர் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது யாரு?" என்றான், தமாலுக்கு வந்து நின்றிருந்த எவேலியோ.

"என் தங்கச்சி எர்மெலிந்தா."

கதை இதுதான். வாக்குச்சாவடியை நடத்துகிறவர்களை இங்கே குலுக்கலில்தான் எடுப்பார்கள்; பிறந்த மாதமும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் பார்த்து. லிக்கோனா சகோதரிகள் இருவருமே நவம்பரில் பிறந்தவர்கள். ஆகவே 1994இல் விதி இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது: எர்மெலிந்தா தலைவர், பசிலியா சீட்டு எண்ணுபவர். அதுவரை இருவருக்கும் இடையே சாதாரண உடன்பிறப்புப் பகைதான் இருந்தது. வாக்களித்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பெட்டியில் இருந்த சீட்டு நானூற்றுப் பதினொன்று. ஏழு முறை எண்ணினார்கள். எட்டாவது முறை எர்மெலிந்தா, ஊரே கேட்க, அந்த வார்த்தையைச் சொன்னாள்:

"அவ தமால் சுத்திக் கொடுத்திருப்பா."

தமால்காரியிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? மக்காச்சோளத் தோகையில் அல்லாமல் காகிதத்தில் தமால் சுற்றுகிறவள் என்று! அம்மாவைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். இருவருக்கும் ஒரே அம்மா. காணாமல்போன சீட்டை ஊர்க் கிழவர் ஒருவர், நினைவாக இருக்கட்டும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. அதனால் என்ன? உண்மை தெரிந்ததற்காகச் சண்டையை நிறுத்துகிற வழக்கம் லிக்கோனா குடும்பத்தில் இல்லை.

"அடுத்த குலுக்கல்லயும் நாங்க ரெண்டு பேரும் சேந்து வந்திருப்போம்," என்றாள் பசிலியா. "வேலியைத் தூக்கி நட முடியாது. வீட்டைத் தூக்கி வைக்க முடியாது. நல்லவேளை, நீங்க வந்தீங்க."

அக்கா தங்கை வாய்ச்சண்டைக்காக நாட்டின் ஒரு தொகுதியில் முப்பத்தொரு வீடு குறைந்து இன்னொன்றில் கூடியிருந்தது. எவேலியோவுக்குத் தலை சுற்றியது. ஆனால் தமால் நன்றாக இருந்தது.

எட்டு ஆண்டு அந்த வாய்க்கால் வரைபடத்தில் அமைதியாக ஓடியது. 2004இல் மறுபடியும் எல்லை வரையத் தொடங்கினார்கள். எவேலியோ இப்போது நிரந்தர ஊழியன், மூன்று பிள்ளைகள், வீட்டுக் கடன், அவனுக்குக் கீழே ஐந்து பேர். ஒரு கட்சியின் பிரதிநிதி எழுந்து, சான் இசித்ரோவில் எல்லை ஏன் இடுப்பை வளைக்கிறது, அந்த வாய்க்காலை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா என்று கேட்டுவிட்டார். வியாழக்கிழமை தலைநகரத்திலிருந்து சோராய்தா கெசாதா என்ற மேலதிகாரி நேரில் வந்து பார்ப்பதாக முடிவாயிற்று. அந்த அம்மாள் முந்தைய மாதம்தான் இன்னொரு மாவட்டத்தில், நடக்காமல் கையெழுத்துப் போட்ட இருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் எவேலியோ பசிலியாவின் முன்னால் நின்றான். வரிசையில் நிற்காமல் முன்னால் போய் நின்றது அதுவே முதல்முறை.

"தோன்யா, நான் ஒழிஞ்சேன். வாய்க்காலப் பாக்க வர்றாங்க."

"எப்போ?"

"நாளைக்கழிச்சு. வேலை போயிடும். கேஸும் போடுவாங்க. உண்மையச் சொல்லிடலாம்னு..."

"உண்மைய எதுக்கு அனாவசியமா இழுக்கறீங்க? வாய்க்கால்தானே வேணும்? எத்தனை மீட்டரு?"

"எண்பத்து நாலு."

பசிலியா அண்டாவை மூடினாள். நேராகத் தேவாலயத்துக்குப் போய் மணியை அடித்தாள். எங்கள் பக்கத்தில் ஊர்வேலைக்கு மணி அடித்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். ஏன் என்று கேட்பது வேலை முடிந்த பிறகுதான். நாற்பத்தேழு பேர் வந்தார்கள்.

"ஒவ்வொரு மழைக்கும் தெருத்தண்ணி உங்க வீட்டுக்குள்ள வருதா இல்லையா?" என்றாள். "முனிசிபாலிட்டிக்காரன் செஞ்சு கொடுப்பான்னு எத்தனை வருஷமா பாத்துக்கிட்டிருக்கீங்க? வெட்டுங்கடா!"

வெட்டினார்கள். அன்று வேலி ஓரம் வரை வந்து நின்றது வேலை. எர்மெலிந்தாவின் பக்கத்தில் தோண்ட யாருக்கும் துணிச்சல் இல்லை. மறுநாள் காலை பார்த்தால், சாலை முனையிலிருந்து எர்மெலிந்தாவே மண்வெட்டியோடு இறங்கித் தோண்டிக்கொண்டிருந்தாள். அவளோடு இரண்டு மகன்கள்.

எவேலியோ போய்க் கேட்டான். "நீங்க எதுக்கு, தோன்யா? இந்த எல்லையால கஷ்டம் உங்களுக்குத்தானே?"

"கஷ்டமா?" எர்மெலிந்தா மண்வெட்டியில் சாய்ந்து நின்றாள். "அங்க போனதுலேருந்து ரெண்டுதரம் சாவடித் தலைவரா இருந்திருக்கேன். சீட்டுக் கணக்கு ஒருதரம்கூடத் தப்பல. ஏன்னா தமால்காரிங்க யாரும் இல்ல. வாய்க்கால் இல்லேன்னா என்ன மறுபடி அவ பக்கமே போட்டுடுவாங்களாமே! அவகூட ஒரே வரிசையில நிக்கறதுக்கு நான் வாய்க்கால் என்ன, கடலே வெட்டுவேன். அந்தப் பொம்பளகிட்டச் சொல்லிடுங்க, அவளுக்காக வெட்டலன்னு."

"அந்தப் பொம்பளகிட்டச் சொல்லுங்க," என்று இருபதடி தூரத்திலிருந்து பசிலியா குரல் கொடுத்தாள், "கோணலா வெட்டுறான்னு."

இருவரும் பேசிக்கொள்ளாததால் இருமுனையிலிருந்து வந்த வாய்க்கால்கள் நடுவில் சந்திக்கவில்லை. ஒரு மீட்டர் தவறியது. நான்தான் நேர் என்றாள் ஒருத்தி. நான்தான் நேர் என்றாள் மற்றவள். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஆட்கள் குறுக்கே ஒரு வெட்டு வெட்டி இரண்டையும் இணைத்துவிட்டு, பசிக்கிறது என்றார்கள்.

புதிய மண் புதிய மண்ணாகத்தான் தெரிந்தது. பசிலியா அதற்கும் வழி வைத்திருந்தாள். ஒரு வாய்க்கால் பழையது என்பதற்கு அதிலுள்ள குப்பைதான் சாட்சி. வீடுவீடாகப் போய்க் குப்பை சேகரித்தாள்: உடைந்த பானை, ஒற்றைச் செருப்பு, குடை எலும்பு, மூன்று தேர்தலுக்கு முந்தைய வேட்பாளர் படம் போட்ட பிளாஸ்டிக் வாளி. நாற்பது ஆடுகளை நீளவாக்கில் இரண்டு தடவை ஓட்டினாள். இரவு மழையும் பெய்து, மிச்ச வேலையைக் கடவுள் முடித்துக்கொடுத்தார்.

வியாழக்கிழமை சோராய்தா கெசாதா வந்தாள். கையில் வரைபடம், காலில் உண்மையிலேயே நடந்து தேய்ந்த பூட்ஸ். வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த அம்மாள் கண்ணை மட்டும் நம்புகிறவள் அல்லள். பசிலியாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். எவேலியோ பக்கத்தில் நின்றான். பொய்யை ஒப்பிக்கச் சகோதரிகள் கூடிப் பேசியிருக்க வேண்டும், கூடிப் பேசுவதாவது!

"இந்த வாய்க்கால் எத்தனை வருஷமா இருக்குங்க?"

"யாருக்கு மேடம் தெரியும்? என் தங்கச்சிக்கு ஆறு வயசு இருக்கும்போது இதுக்குள்ள விழுந்துதான் முன்பல்லு ஒடைஞ்சுது. அதுக்கு முன்னாடியே இருந்திருக்கும்."

சோராய்தா வாய்க்காலைத் தாண்டி, வேலியைச் சுற்றி, எர்மெலிந்தாவிடம் போனாள். எவேலியோவும் பின்னாலேயே போனான். தூக்குமேடைக்குப் போகிறவனுக்குக்கூட இடையில் கொஞ்சம் படி இருக்கும்.

"அம்மா, சின்ன வயசுல நீங்க இந்த வாய்க்கால்ல விழுந்தீங்களா?"

எர்மெலிந்தா அதிகாரியைப் பார்த்தாள். எவேலியோவைப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் ஆவி பறக்கும் அண்டாவைப் பார்த்தாள். அவன் மூன்று பிள்ளைகளும் வீட்டுக் கடனும் அவள் நாக்கின் நுனியில் நின்றன.

"விழவா?" என்றாள். "விழலீங்க மேடம்! அவ தள்ளிவிட்டா! விழுந்தேன்னா சொன்னா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாம்?" வாயைத் திறந்து, உடைந்த பல்லை விரலால் தொட்டுக் காட்டினாள். "பாருங்க! நல்லாப் பாருங்க! அம்பது வருஷமாச்சு, இன்னிவரைக்கும் ஒத்துக்கறாளா பாத்தீங்களா!"

பல் உடைந்தது உண்மை. பசிலியா தள்ளியதும் உண்மைதான், கிணற்றடிப் படியில். வாய்க்கால் ஒன்றுதான் பொய். அதுவும் இரண்டு நாள் முன்புவரை.

சோராய்தா கெசாதா நெடுநேரம் பல்லைப் பார்த்தாள். முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்ட சாட்சிகள் இப்படி ஒருவரையொருவர் கடித்துக் குதறமாட்டார்கள் என்று அவளுடைய இருபதாண்டு அனுபவம் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் நடந்தாள். எண்பத்து நான்கு மீட்டரையும் நடந்தாள். நடுவில் நின்றாள்.

"வரைபடத்துல இந்த இடம் நேரா இருக்கு. இங்க ஒரு மீட்டர் ஒடியுதே, ஏன்?"

"தண்ணி, மேடம்," என்றாள் பசிலியா ஒரு கரையிலிருந்து.

"அது இஷ்டத்துக்குத்தான் போகும்," என்றாள் எர்மெலிந்தா மறுகரையிலிருந்து.

பத்தாண்டில் சகோதரிகள் இருவரும் சேர்ந்து சொல்லி முடித்த ஒரே வாக்கியம் அது. சோராய்தா வரைபடத்தைத் திருத்தி, அந்த ஒரு மீட்டர் முறிவையும் சேர்த்து வரைந்து, கீழே கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு இன்னொரு முறை கணிப்பொறி நாடு முழுவதையும் கலைத்துப் போட்டது. எத்தனையோ தொகுதிகள் இடம் மாறின. அந்த முறிவு மாத்திரம் இருந்த இடத்தில் இருக்கிறது. வாய்க்காலும் இருக்கிறது. சான் இசித்ரோவில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வருவதில்லை. அதற்கான பெருமையை ஒவ்வொரு வேட்பாளரும் தமதென்று மேடையில் சொல்லிக்கொள்கிறார்.

அதிகாரியின் வண்டி மறைந்ததும் பசிலியா எவேலியோவுக்கு ஒரு தமால் கொடுத்தாள். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"இப்போ ரெண்டு, இன்ஜினியர்."

அன்றிலிருந்து அவனுக்கு நிம்மதி போயிற்று. என்ன கேட்பாள்? பேரனுக்கு அலுவலகத்தில் வேலையா? எவனாவது வேட்பாளருக்காக ஏதாவது கோல்மாலா? ஒவ்வொரு குலுக்கலின்போதும் பட்டியலில் அவள் பெயரைத் தேடினான். 2009இல் வந்தது, விலக்குக் கேட்பாள், ஒரு கடனைத் தீர்த்துவிடலாம் என்று ஆசைப்பட்டான். அவளோ வெளுத்த மேலாடை அணிந்து போய் உட்கார்ந்து, சீட்டு எண்ணி, ஒன்றுகூடக் குறையாமல் முடித்துவிட்டு வந்தாள். அவ்வழியே போகும்போதெல்லாம் அவன் அவள் கடையில் நின்றான். காசை முழுதாகக் கொடுத்தான். அவளும் சில்லறையை முழுதாகத் திருப்பிக் கொடுத்தாள்.

2018இல், ஓய்வு பெற்ற மறுவாரம், அவனே கேட்டுவிட்டான். "தோன்யா, அந்த ரெண்டு. என்ன வேணும், சொல்லிடுங்க. இனிமே எனக்குச் செய்ய அதிகாரம்கூட இல்ல."

"அவசரமா உங்களுக்கு?" பசிலியா அண்டாவின் மூடியைத் திறந்தாள். "கவர்ன்மென்ட் ஆளு ஒருத்தன் எனக்குப் பயந்துக்கிட்டே தமால் திங்கறதப் பாக்க எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா? அதப்போயி வித்துத் தொலைப்பேனா? சிவப்பு மிளகாயா, பச்சையா?"

"பச்சை."

அடுத்த ஆண்டு நவம்பரில், பிறந்தநாள் கழிந்த நான்காம் நாள், அவள் இறந்தாள். ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு எவேலியோ போனான். அடுப்படியில் எர்மெலிந்தா இருந்தாள். அக்காவின் அண்டா, அக்காவின் கரண்டி. உப்பு மட்டும் கொஞ்சம் கூட.

"தோன்யா எர்மெலிந்தா, என்னப் பத்தி ஏதாவது சொல்லிட்டுப் போனாங்களா? ஏதாவது கேட்கணும்னு?"

"என்கிட்டயா?" எர்மெலிந்தா திரும்பிப் பார்த்தாள். "இருபத்தஞ்சு வருஷமா என்கிட்டப் பேசாதவ, சாகும்போது உங்களப் பத்தியா பேசப்போறா? சாப்பிடுங்க. தோகையைக் கீழ போடாதீங்க."

அவன் சாப்பிட்டான். பிறகு தேவாலயத்துப் படியிலிருந்து தொடங்கி, வாய்க்கால் ஓரமாக, முறிவில் ஒரு மீட்டர் திரும்பி, பேருந்துச் சாலை வரை எண்பத்து நான்கு மீட்டரையும் முழுவதுமாக நடந்தான். வழியில் ஒரு நாய் படுத்திருந்தது, எம்.பி.யின் பேரனாக இருக்கலாம். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, கடிக்கவில்லை. பேருந்து வந்தது. பசிலியாவுக்குப் பட்ட இரண்டு கடனோடும் அவன் ஏறிக்கொண்டான்.